வலி மருந்து: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

(பாலக்காடு கல்பாத்தியில் நடந்த நம் சங்க உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பத்தைந்து வருஷம் மயக்க மருந்து டாக்டராக வேலை பார்த்தவன் நான். ஆபரேஷன் முடிந்ததும் எல்லோரும் சர்ஜனுக்குக் கை கூப்புவார்கள். தலைமாட்டில் நின்றவனை யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்படிப்பட்டவனை மேடையேற்றி, "உங்கள் துறையில் எங்களுக்கு உபயோகமாக ஏதாவது சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டார். இந்தக் கூட்டத்தில் கைத்தடியுடன் வந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தேன். தலைப்பு தானாகக் கிடைத்துவிட்டது. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் வலி மருந்துகள், குறிப்பாக அபின் வர்க்க மருந்துகள் பற்றிப் பேசப் போகிறேன்.

முதலில் என் சொந்த வீட்டுக் கதை ஒன்று. இது பெருமைக்குச் சொல்வதல்ல.

2003இல் என் அக்காவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அக்காவுக்கு அப்போது 68 வயது. அத்திம்பேர் காலமாகி, பிள்ளை நியூ ஜெர்சியில், பெண் மும்பையில். அக்கிரஹாரத்து வீட்டில் தனியாக இருந்தாள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அன்று சாயங்காலம் நான் போய் நின்றதும் சொன்னாள்: "டா, அபின் மருந்தாக்கும் தரப்போறான்னு நர்ஸ் பறஞ்சா. எனக்கு வேண்டாம். அம்மா ஏழு பெத்தா. ஒரு மாத்திரை தின்னாளோ? நான் சஹிச்சுக்கறேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார்ந்து அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். என் தொழிலே அதுதான். ஆனால் எனக்கும் உள்ளூர ஒரு பெருமை, "எங்கள் அக்கா மாதிரி யாருக்கு வரும்" என்று. டியூட்டி டாக்டரிடம், "அவள் நன்றாகத் தாங்குவாள், பாரசிட்டமால் போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தம்பியே மயக்க மருந்து டாக்டர் என்பதால் அவர்களும் விட்டுவிட்டார்கள்.

அக்கா தாங்கினாள். ஆனால் அசையவில்லை. பிஸியோதெரபி பெண் வந்தபோதெல்லாம் "நாளைக்கு, நாளைக்கு" என்று அனுப்பிவிட்டாள். ஆழமாக மூச்சு விடவும் பயம். மூன்று நாள் அப்படியே படுத்திருந்தாள். நான்காம் நாள் கெண்டைக்கால் வீங்கியது. நரம்பு என்று நாம் பொதுவாகச் சொல்லும் இரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய்விட்டது. வலி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். இந்த ஆபரேஷனுக்கே அந்த அபாயம் உண்டு. ஆனால் அசையாமல் கிடந்தது அதை வளர்த்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பகவான் காப்பாற்றினார், பிழைத்தாள். ஆனால் பழைய நடை திரும்பவில்லை. ஐப்பசியில் கல்பாத்தித் தேர் வரும்போது வருஷா வருஷம் வடம் தொட்டவள், அதற்குப் பிறகு 2014இல் போகும் வரை திண்ணையில் நாற்காலி போட்டுத்தான் தேர் பார்த்தாள். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதனால்தான் நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே முதல் விஷயம். இந்த ஆபரேஷனில் வலி மருந்து சுகத்துக்காகக் கொடுப்பதல்ல. இப்போது பல இடங்களில் அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நிற்க வைத்து நாலடி நடக்க வைக்கிறார்கள். 1962இல் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இன்றைய முறைக்கு அடிப்படை போட்ட காலத்தில் நோயாளி வாரக்கணக்கில் படுக்கையில் இருப்பார். இன்று மூட்டு அதே தத்துவத்தில்தான் இருக்கிறது, ஆனால் படுக்கை போய்விட்டது. நடக்க வேண்டும், இரும வேண்டும், ராத்திரி தூங்க வேண்டும். இந்த மூன்றும் முடிகிற அளவுக்கு வலி குறைந்தால் போதும். வலியே இல்லாமல் செய்கிறேன் என்று எந்த டாக்டரும் வாக்குக் கொடுக்கக் கூடாது, நாமும் கேட்கக் கூடாது. வலி மிகவும் கடுமையாக இருப்பது முதல் இரண்டு மூன்று நாள். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் தணியும்.

இனி மருந்துகளுக்கு வருகிறேன்.

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வரும் பால்தான் அபின். அதிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தவர் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நம் தேசத்தில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு லைசென்ஸுடன் இந்தச் செடி பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கத்தின் அபின் ஆலைகள் இருக்கின்றன. காஜிப்பூர் ஆலை 1820இல் கும்பினியார் காலத்தில் ஏற்பட்டது. உலகத்துக்கே அபின் அனுப்பும் தேசம் நம்முடையது. நம் நோயாளிக்குத்தான் அது எட்டவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மார்ஃபின்தான் அளவுகோல். மற்ற எல்லா மருந்தையும் அதை வைத்துத்தான் அளக்கிறோம். ஊசியாக 10 மி.கி. கொடுப்பதும் மாத்திரையாக 30 மி.கி. கொடுப்பதும் ஏறக்குறைய சமம். நம்பகமான மருந்து, விலையும் குறைவு. ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதன் கழிவு உடம்பில் தங்கி, தூக்கத்தையும் மூச்சு மந்தத்தையும் உண்டாக்கும். நம்மவர்களில் சர்க்கரை வியாதி இல்லாத வீடு எது? ஆகவே கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

பெத்திடின். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆபரேஷன் என்றாலே பெத்திடின்தான். இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். திரும்பத் திரும்பப் போட்டால் அதன் கழிவுப் பொருள் மூளையைத் தொந்தரவு செய்து, கை கால் துடிப்பும் வலிப்பும் வரக்கூடும். வயதானவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று பல இடங்களில் விட்டுவிட்டார்கள். நானும் நூற்றுக்கணக்கில் போட்டவன்தான். இன்று என் உடம்புக்குப் போட விடமாட்டேன்.

ஃபென்டனில். 1960இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சன் கண்டது. மார்ஃபினைப்போல் சுமார் நூறு மடங்கு வீரியம். மில்லிகிராமில் அல்ல, மைக்ரோகிராமில் அளப்போம். ஆபரேஷன் தியேட்டரில், ஊசியில், ஆள் பக்கத்தில் நிற்கும்போது அருமையான மருந்து. தோலில் ஒட்டும் பட்டையாகவும் வருகிறது. அது புற்றுநோய் போன்ற நீடித்த வலிக்கு, ஏற்கெனவே இந்த வர்க்க மருந்து பழகிய உடம்புக்கு. புதிதாக ஆபரேஷன் ஆனவருக்கு அதை ஒட்டக் கூடாது. பட்டை ஒட்டிய இடத்தில் சூடு பட்டால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். மூணாறு, தேவிகுளம் குளிரில் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புப்ரினார்ஃபின். இதுவும் பட்டையாக வருகிறது, ஒரு பட்டை ஏழு நாள் வரை. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் ஓரளவு ஒத்துக்கொள்ளும். ஆனால் வேலை செய்ய ஆரம்பிக்கவே நேரம் பிடிக்கும். பட்டையைப் பிய்த்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் மருந்து உடம்பில் இருக்கும். ஆகவே தூக்கம் அதிகமானால் பட்டையை எடுத்துவிட்டோம், தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது.

டிராமடால். நம் ஊரில் டிஸ்சார்ஜ் சீட்டில் நீங்கள் அதிகம் பார்க்கும் பெயர் இதுதான். மார்ஃபினைவிடப் பல மடங்கு மென்மையானது. அதனால் ஆபத்தில்லாதது என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. குமட்டல், தலைசுற்றல், சிலருக்கு வலிப்பு எல்லாம் வரலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தால் விபரீதமாகலாம். 75 வயது தாண்டியவர்களுக்கு ஒரு நாளைக்கு 300 மி.கி. என்பது உச்ச வரம்பு. பலருக்கு அதில் பாதியே அதிகம். 2018 முதல் இதுவும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது.

கோடீன் சிலருக்கு வேலையே செய்யாது. கல்லீரல் அதை மார்ஃபினாக மாற்றினால்தான் பலன், அந்த மாற்றம் ஆளுக்கு ஆள் வேறுபடும். டாபென்டடால் டிராமடாலுக்கு உறவு, வலிமை கூடியது. ஆக்ஸிகோடோன் அமெரிக்காவில் அதிகம், இங்கே அபூர்வம்.

இத்தனையில் எது சிறந்தது என்று கேட்பீர்கள். என் பதில், இவற்றில் எதுவுமே முதல் மருந்தல்ல. இது வழுக்கலான பதில் இல்லை, கணக்கு இருக்கிறது. டென்மார்க்கில் ஆறு மருத்துவமனைகளில், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட 556 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்து 2019இல் வெளியிட்டார்கள். பாரசிட்டமால் மட்டும் கொடுத்தவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் தேவைப்பட்ட மார்ஃபின் நடுத்தரமாக 36 மி.கி. ஐபுப்ரோஃபென் மட்டும் கொடுத்தவர்களுக்கு 26 மி.கி. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு 20 மி.கி.தான். பெட்டிக்கடை மாத்திரை என்று நாம் நினைக்கும் இரண்டும் சேர்ந்து மார்ஃபின் தேவையை அவ்வளவு குறைத்துவிட்டன. இதோடு முதுகில் போடும் ஊசி, இடுப்பைச் சுற்றியுள்ள நரம்புகளை மரக்க வைக்கும் ஊசி எல்லாம் சேர்ந்தால், அபின் வர்க்க மருந்து கொஞ்சம், கொஞ்ச நாள் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகக் கோளாறு, குடல் புண், இருதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம். அதை வெறும் வயிற்றில் போடக் கூடாது. ஏகாதசி என்று பட்டினி இருந்து மாத்திரையை மட்டும் விழுங்கி, ரத்த வாந்தி எடுத்தவரை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மாதம் ஏகாதசிக்கு விடுப்புக் கொடுங்கள். பகவான் கோபித்துக்கொள்ள மாட்டார். தர்ப்பணம், சந்தி எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யுங்கள். புது மூட்டோடு எப்போது தரையில் உட்காரலாம், உட்காரலாமா என்பதைச் சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

இனி, "பழகிவிடாதா?" என்ற பயம். இது நியாயமான பயம். ஆனால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தலைத் தடுக்க வந்த சட்டம் நோயாளியின் வாசலையும் அடைத்துவிட்டது. பல லைசென்ஸ்கள் வேண்டும், கணக்கில் தப்பு வந்தால் ஜெயில் என்றதும் மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் தேசத்தில் மார்ஃபின் உபயோகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் எழுதத் தெரியாமலே படித்து வெளியே வந்தார்கள். புற்றுநோயில் துடித்தவர்கள் துடித்தபடியே போனார்கள்.

இதை மாற்றியதில் நம் கேரளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1993இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலி நிவாரணச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். ராஜகோபாலும் மயக்க மருந்து டாக்டர்தான். எங்கள் ஜாதியில் அவர் எங்களுக்குப் பெருமை. ஜாதி என்று நான் சொல்வது தொழிலை! மாத்திரை மார்ஃபினை நோயாளியின் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. 2014இல் பார்லிமென்ட் சட்டத்தைத் திருத்தி, பல லைசென்ஸ் தொல்லையைக் குறைத்தது; அதன் கீழ் மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலில் சேர்ந்தன. 2018இல் ராஜகோபாலுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மறு பக்கம் அமெரிக்கா. அங்கே 1996இல் ஆக்ஸிகோடோனை நீடித்து வேலை செய்யும் மாத்திரையாக்கி, பழகாது, பயமில்லை என்று விளம்பரம் செய்தார்கள். பல் பிடுங்கினாலும் ஒரு மாதத்துக்கு மாத்திரை. முடிவு என்ன? 2021இல் மட்டும் போதை மருந்து மிகையாகி அங்கே இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி இந்த வர்க்க மருந்தால், முக்கியமாகக் கள்ளச் சந்தை ஃபென்டனிலால். மாத்திரையை விற்ற பர்டியூ கம்பெனி 2020இல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒரு தேசம் பயத்தால் கெட்டது, ஒரு தேசம் அலட்சியத்தால் கெட்டது. ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் வலிக்கு, சில நாள் சரியான அளவில் எடுத்துக்கொள்பவர் அடிமையாவது அபூர்வம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும்போதுதான் ஆபத்து வளர்கிறது.

அதற்கும் ஒரு கதை சொல்கிறேன். இடுக்கி எல்லையில் குமுளிப் பக்கம் ஏலக்காய் வியாபாரம் செய்த என் நண்பர், 74 வயது. மதுரைப் பக்கம் போய் ஆபரேஷன் செய்துகொண்டு மலை ஏறிவிட்டார். பத்து நாளைக்கு டிராமடால் எழுதியிருந்தார்கள். பத்து நாள் முடிந்ததும் நிறுத்தினார். உடம்பு வலி, தூக்கமின்மை, படபடப்பு. ஆபரேஷன் வலிதான் திரும்பியது என்று நினைத்தார். சர்ஜனைப் பார்க்க மலை இறங்கிப் போக வேண்டும். ஆகவே பழைய சீட்டையே நீட்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில், இந்தப் பக்கம் ஒரு கடையில் என்று நான்கு மாதம் வாங்கினார். கூடவே யாரோ சொன்ன தூக்க மாத்திரை. ஒரு ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் தலைசுற்றி விழுந்தார். புது மூட்டைச் சுற்றியிருந்த எலும்பு உடைந்தது. இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடப் பெரியது. இரண்டு மாநிலத்துக்கு நடுவில், இரண்டு டாக்டருக்கு நடுவில், அவரை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

நம் நிலைமையும் இதுதான். பாலக்காட்டுக்காரர்கள் வாளையார் தாண்டிக் கோவையில் ஆபரேஷன், மலைக்காரர்கள் போடிமெட்டோ குமுளியோ இறங்கித் தேனி, மதுரையில் ஆபரேஷன். வீடு திரும்பினால் பக்கத்து டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து வாட்ஸ்அப்பில் "அம்மா எப்படி இருக்கே?" என்று கேட்பார்கள். அம்மா "சுகம்" என்பாள்.

அதனால் சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துப் பேசுங்கள். சிறுநீரகம், இருதயம், குறட்டை, மனச்சோர்வு மாத்திரை, தூக்க மாத்திரை எதையும் மறைக்காதீர்கள்.

2. வலியை 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லுங்கள். நடக்கும்போது எவ்வளவு என்று சொல்லுங்கள். படுத்திருக்கும்போது யாருக்கும் குறைவுதான்.

3. அபின் வர்க்க மருந்து எதுவானாலும் மலச்சிக்கல் நிச்சயம். வாழைத்தண்டுக் கூட்டு மட்டும் போதாது. முதல் நாளிலிருந்தே அதற்கு மருந்து கேளுங்கள்.

4. இந்த மருந்தோடு தூக்க மாத்திரை கூடவே கூடாது, டாக்டர் தெரிந்தே எழுதினாலொழிய. எழுப்பினால் எழாத தூக்கம், மிக மெதுவான மூச்சு, உளறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. இதற்கு நலாக்சோன் என்று மாற்று மருந்து இருக்கிறது.

5. டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை நாள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். ஒரு நகலை உள்ளூர் டாக்டரிடம் கொடுங்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்.

6. மிஞ்சிய மாத்திரையை அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். பிள்ளைகளே, உங்களுக்கு அங்கே எழுதிக் கொடுத்த மாத்திரையை அப்பாவுக்காகப் பெட்டியில் போட்டுக் கொண்டு வராதீர்கள். உடம்புக்கும் ஆபத்து, சட்டத்துக்கும் விரோதம்.

கடைசியாக ஒன்று. 2019இல் எனக்கே வலது இடுப்பு மூட்டு மாற்றினார்கள். முதல் ராத்திரி வலி வந்தபோது, என் வாயிலிருந்தும் "பரவாயில்லை, தாங்கிக்கறேன்" என்றுதான் வந்தது. உடனே அக்கா ஞாபகம் வந்தது. மணியை அடித்து நர்ஸைக் கூப்பிட்டேன். சின்ன அளவில் மார்ஃபின் கொடுத்தார்கள். காலையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாக் கோடி வரை நடந்தேன். மூன்றாம் நாள் அந்த மருந்தை நிறுத்தினேன். அந்த வருஷம் ஐப்பசியில் கல்பாத்தித் தேர் வடத்தைத் தொட்டேன். இழுக்கவில்லை, தொட்டேன். எனக்காக மட்டும் தொடவில்லை.

 எல்லோரும் நோயில்லாமல், நடையோடு இருக்க அந்த விசுவநாத ஸ்வாமியைப் பிரார்த்தித்து விடைபெறுகிறேன். நமஸ்காரம்.